சிரங்கு: ரெண்டு தடவை கிரீம் போட்டும் அதே வீட்டுல திரும்பத் திரும்ப வருது. எங்க விட்டுப்போகுது?

அவினாசி_தன்னார்வலர் | திங்கள், மாலை 6.10

மாசாமாசம் பிரஷர், சக்கரை மாத்திரை குடுக்கப் போற தோட்டத்து வீடு ஒண்ணு. ஏழு பேரு. அப்பாருக்கு 76 வயசு, ஆத்தாளுக்கு 71 (சக்கரை, மூட்டுவலி), மகன், மருமக, 8 வயசுப் பையன், 10 மாசப் பாப்பா. அதுபோக அஞ்சு மாசம் முழுகாம இருக்கற மக தாய்வீட்டுக்கு வந்திருக்கு.

பையனுக்குத்தான் முதல்ல வந்துச்சு. மே லீவுக்கு அம்முச்சி வீட்டுல இருந்துட்டு வந்தவன், ஒரு மாசம் கழிச்சு ராத்திரியானா சொறிய ஆரம்பிச்சான். விரல் இடுக்குல, மணிக்கட்டுல பொரிப்பொரியா. அப்புறம் அவங்கம்மா, பாப்பா, கடைசியா அவங்கப்பா. சிரங்குன்னு சொல்லி டாக்டர் பெர்மெத்ரின் கிரீம் எழுதினாரு. ரெண்டு தடவை போட்டாச்சு. மூணு வாரம் அமுங்குது, மறுபடியும் கிளம்புது. பூச்சி மருந்துக்குப் பழகிப்போச்சுன்னு வீட்டுல பேசிக்கறாங்க. எதையெல்லாம் சோதிக்கோணும்?

மருந்துக்கடை_கோபி | திங்கள், மாலை 6.45

மருந்தைக் குத்தஞ் சொல்றதுக்கு முன்னால இதையெல்லாம் கேட்டுட்டு வாங்க. மொத்தம் எத்தனை டியூப் வாங்கினாங்க? ஏழு பேருல எத்தனை பேரு போட்டாங்க, எல்லாரும் ஒரே ராத்திரியா? ரெண்டாவது தடவை எத்தனாவது நாளு? போட்டு எத்தனை மணி நேரம் கழிச்சுக் குளிச்சாங்க?

டியூப்ல சதவீதத்தையும் பாருங்க. சிரங்குக்கு 5 சதவீதம். 1 சதவீதம் தலைப்பேனுக்கு உள்ளது. பேரு ஒண்ணுதாங்கறதால மாத்தி வாங்கிட்டுப் போறது சாதாரணமா நடக்குது.

அவினாசி_தன்னார்வலர் | திங்கள், இரவு 8.20

கேட்டுட்டேனுங்க. 5 சதவீதம்தான். 30 கிராம் டியூப் மூணு, அதையே ரெண்டு தடவைக்கும் வெச்சுக்கிட்டாங்க. அரிப்பு இருந்த நாலு பேரு மட்டும் போட்டாங்க. ஆத்தாளுக்கும் அப்பாருக்கும் அரிப்பு இல்லைன்னு விட்டாச்சு. முழுகாம இருக்கற புள்ளைக்குப் பயந்துக்கிட்டுப் போடலை. மகனுக்கு மில்லுல நைட் ஷிப்ட், அதனால காலையில வந்து போட்டுட்டு மத்தியானம் குளிச்சிருக்காரு. ரெண்டாவது தடவை மூணாம் நாளே. மருமகளுக்கு மட்டும் நடுவுல கடையில சொல்லி ஒரு கிரீம் வாங்கியிருக்காங்க, மூணு மருந்து கலந்தது.

மருந்துக்கடை_கோபி | திங்கள், இரவு 8.50

அப்ப பூச்சி மேல தப்பு இல்லீங்க.

அளவை மட்டும் பாருங்க. பெரியவங்களுக்கு ஒரு தடவைக்கு ஒரு முழு 30 கிராம் டியூப். நல்ல வாட்டசாட்டமான ஆளுன்னா அதுக்கு மேலயும் ஆகும். 5 வயசுல இருந்து 12 வரைக்கும் பாதி டியூப். 1 வயசுல இருந்து 5 வரைக்கும் கால் டியூப். ரெண்டு மாசத்துக்கு மேல, ஒரு வயசுக்குள்ள இருக்கற கொழந்தைக்கு டியூப்ல எட்டுல ஒரு பங்கு, நாலு கிராம்கிட்ட. இந்த வீட்டுக்குப் பெரியவங்க அஞ்சு பேருக்கு 150, பையனுக்கு 15, பாப்பாவுக்கு 4. ஒரு ராத்திரிக்கு 169 கிராம். ரெண்டு ராத்திரிக்கு 340 கிராம் பக்கம், அதாவது 30 கிராம் டியூப் பன்னெண்டு. இவங்க வாங்கினது 90 கிராம். அரிக்கற இடத்துல மட்டும் தொட்டுத் தொட்டு வெச்சாத்தான் 90 கிராம் நாலு பேருக்கு ரெண்டு தடவை வரும்.

பன்னெண்டு டியூப்னதும் மலைப்பா இருக்கும். ஆனா சிரங்குல பாதி வைத்தியத்துக்குக் காசு குடுக்கறது முழுச் செலவை விட ஜாஸ்தி. வாங்க முடியலைன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல பென்சைல் பென்சோயேட் லோஷன் கேட்டுப் பாக்கலாம். எரியும், ஆனா வேலை செய்யும். 25 சதவீதம் பெரியவங்களுக்கு. கொழந்தைங்களுக்குத் தண்ணி கலந்து குறைக்கோணும், எவ்வளவுன்னு அங்கயே கேட்டுக்கோங்க. பாப்பாவுக்கும் முழுகாம இருக்கறவங்களுக்கும் அது வேண்டாம்.

அந்த மூணு மருந்து கலந்த கிரீமை உடனே நிறுத்தச் சொல்லுங்க. அதுல பெரும்பாலும் குளோபெட்டசால்னு வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு அடங்கும், பூச்சி உள்ள பெருகும்.

தோல்_ஈரோடு | திங்கள், இரவு 10.05

கோபிக்காரர் சொன்ன அளவுகள் சரி. ஏன் இப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன். காரணம் தெரிந்தால் வீட்டாரிடம் பேச எளிது.

பூச்சி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பெண் பூச்சி தோலின் மேலடுக்கில் வளை தோண்டி நாளைக்கு இரண்டு மூன்று முட்டை வைக்கும், ஒன்றிரண்டு மாதம் உயிரோடு இருக்கும். சாதாரண சிரங்கில் ஓர் ஆளின் உடம்பு முழுக்க இருப்பது பத்துப் பதினைந்து பூச்சிதான். உடம்பெல்லாம் பொரிந்திருப்பது பூச்சிக்கும் அதன் கழிவுக்கும் ஏற்படும் ஒவ்வாமை. எனவே பொரி இருக்கும் இடமும் பூச்சி இருக்கும் இடமும் ஒன்றல்ல. தொடையில் அரிக்கும், பூச்சி விரல் இடுக்கில் இருக்கும். அரிக்கும் இடத்தில் மட்டும் பூசுவது இதனால்தான் வீண்.

முதல் முறை தொற்றும்போது அந்த ஒவ்வாமை உருவாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை ஆளுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் பக்கத்தில் படுப்பவருக்குப் பரப்புவார். பையனுக்கு ஒரு மாதம் கழித்து வந்தது அந்தக் கணக்குதான். ஒரு முறை வந்தவருக்கு மறுபடி தொற்றினால் ஒன்றிலிருந்து நாலு நாளில் அரிக்கத் தொடங்கிவிடும். அரிப்பு இல்லாதவர் தப்பித்தவர் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அந்த வீட்டில் மருந்து போடாத மூன்று பேரிடம்தான் எனக்குச் சந்தேகம்.

இரண்டாவது பூச்சு மூன்றாம் நாள் போட்டால் பயன் குறைவு. கிரீம் எல்லா முட்டையையும் கொல்லாது. முட்டை மூன்று நாலு நாளில் பொரியும், குஞ்சு வளர்ந்து முட்டையிட இரண்டு வாரம்போல ஆகும். எனவே ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாளுக்குள் போட்டால், பொரிந்தவை எல்லாம் வெளியே வந்திருக்கும், எதுவும் புதிதாக முட்டை வைத்திருக்காது. நான் எட்டாம் நாள் என்று சொல்வது வழக்கம்: இந்த ஞாயிறு என்றால் அடுத்த ஞாயிறு. நாள் மறக்காது.

பழகிப்போன பூச்சி பற்றி: பெர்மெத்ரின் முன்னளவுக்குக் கேட்பதில்லை என்ற பேச்சு எங்கள் துறையில் உண்டுதான். ஆனால் 90 கிராமை நாலு பேர் ரெண்டு தடவைக்குப் பகிர்ந்த வீட்டில் அந்த முடிவுக்கு வர முடியாது.

ஒரு கேள்வி. அந்த ஆத்தாளின் கைகளை நீங்கள் பார்த்தீர்களா? உள்ளங்கை, நகம், முழங்கை. அடுத்த முறை போகும்போது பாருங்கள்.

ஹாஸ்டல்_நர்ஸ்_திருப்பூர் | செவ்வாய், காலை 7.30

பூசற முறையில கோட்டை விடறதுதான் ஜாஸ்தி. ஹாஸ்டல் அறைகளுக்கு நாங்க சொல்றது இது.

சாயங்காலமே எல்லாருக்கும் நகம் வெட்டிடோணும். குளிக்கறதானா பச்சத்தண்ணி, இல்லைன்னா வெதுவெதுப்பு. வெந்நீர் வேண்டாம், தோல் சூடா இருந்தா மருந்து உள்ள இழுத்துக்கும், மேல நிக்கோணும்ங்கறதுதான் வேணும். துவட்டி, நல்லா காஞ்ச பின்னாடி ஆரம்பிங்க. எண்ணெய் தேச்ச உடம்புல பூச வேண்டாம்.

தாடைக்குக் கீழ இருந்து உள்ளங்கால் வரைக்கும், ஒரு விரக்கடை கூட விடாம. விடுபடற இடங்க எப்பவும் அதேதான்: விரல் இடுக்கு, நகத்துக்கு அடியில (பழைய பல் பிரஷ்ல கிரீம் வெச்சுத் தேய்ங்க), காதுக்குப் பின்னால, அக்குள், தொப்புள் குழி, அரைஞாண் கயிறு படற இடுப்பு, பிட்டத்து நடுக்கோடு, அந்தரங்கம், கால்விரல் இடுக்கு, உள்ளங்கால். பொம்பளைங்களுக்கு மார்க்காம்பைச் சுத்தியும், மார்புக்கு அடியிலும். முதுகுக்கு இன்னொரு ஆளு வேணும், கூச்சப்பட்டா வேலை ஆகாது. அரைஞாண், வளையல், மோதிரம், தாயத்து எல்லாம் கழட்டி வெக்கோணும். தாலிக்கயிறு கழட்ட மாட்டேன்னா கயித்துக்கு அடியிலயும் கயித்து மேலயும் பூசி, காலையில புதுக்கயிறு மாத்திக்கட்டும்.

பாப்பாவுக்கும் வயசானவங்களுக்கும் மொகம், நெத்தி, காது, தலைமேலயும் போடோணும். கண்ணு, வாயி ஓரம் மட்டும் விடுங்க. பாப்பா கையை நக்காம இருக்க காட்டன் சாக்ஸ் போட்டுடுங்க. பால் குடுக்கற அம்மா குடுக்கறதுக்கு முன்னால காம்பைக் கழுவிட்டு, குடுத்து முடிச்சு மறுபடி பூசோணும்.

எட்டுல இருந்து பதினாலு மணி நேரம் உடம்புல இருக்கோணும். ராத்திரி 9 மணிக்குப் பூசினா காலையில 7. நடுவுல கை கழுவினா, பாத்ரூம் போயிட்டுக் கால் கழுவினா அந்த இடத்துல மறுபடி பூசோணும். பெரும்பாலும் தோத்துப்போறது கையிலதான், சாப்பிட்டுக் கழுவிட்டு அப்படியே படுத்துக்கறாங்க. பூச்சிக்குப் பிடிச்ச இடமும் அதேதான்.

நைட் ஷிப்ட்காரருக்காக மத்தவங்க மாத்த வேண்டாம். எல்லாரும் போடற அன்னிக்கு அவரு லீவு எடுத்துக்கட்டும்.

வேப்பங்கொழுந்து | செவ்வாய், காலை 9.15

இத்தனை கெமிக்கல் தேவையா? காலங்காலமா வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் பூசிக் குளிச்சவங்கதான் நம்ம பாட்டன் பூட்டன். கந்தகமும் இருக்குது. ரத்தம் கெட்டா சிரங்கு வரும், ரத்தத்தைச் சுத்தம் பண்ணாம மேல மேல பூசி என்ன ஆகும்?

தோல்_ஈரோடு | செவ்வாய், மதியம் 1.40

கந்தகத்தில் உங்கள் பக்கம்தான் நான். 6 முதல் 10 சதவீதக் கந்தகத்தை வாசலினில் கலந்த களிம்பு இன்றும் ஏற்ற மருந்து. இரண்டு மாதத்துக்கும் குறைந்த கைக்குழந்தைக்கும், மற்றது ஒத்துக்கொள்ளாத கர்ப்பிணிக்கும் அதைத்தான் முதலில் எழுதுவோம். தொடர்ந்து மூன்று இரவு, கழுத்துக்குக் கீழ் முழுக்க. வாடை அடிக்கும், துணி கறைபடும், அவ்வளவுதான். கடையில் வாங்கும் தூளை வீட்டில் எண்ணெயில் குழைத்துப் பூசாதீர்கள், சதவீதம் தெரியாமல் தோல் வெந்துபோகும்.

வேப்பிலை மஞ்சளுக்குச் சொறிந்த புண்ணை ஆற்றும் குணம் இருக்கலாம். அதை மட்டும் நம்பி நாட்களைக் கடத்த வேண்டாம் என்பேன். கிரீம் பூசும் நாளில் மஞ்சள் பூச்சு கூடவே கூடாது, மருந்து தோலில் படாது.

ரத்தம் பற்றி மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 1687-லேயே இத்தாலியில் போனோமோ என்ற மருத்துவர் இந்தப் பூச்சியை நுண்ணோக்கியில் பார்த்து, சிரங்குக்கு இதுதான் காரணம் என்று எழுதிவிட்டார். காரணம் தெரிந்த தொற்று இது. ஆனாலும் ‘சுத்தமில்லாத வீடு’ என்று பேர் வரும் என்று மறைக்கிறார்கள், மறைப்பதால் பரவுகிறது. தினம் இருமுறை குளிப்பவருக்கும் வரும். சோப்புக்கும் தண்ணீருக்கும் வளைக்குள் இருக்கும் பூச்சி அசையாது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்ப் பட்டியலில் சேர்த்தது, நெருங்கி வாழும் ஏழைக் குடும்பங்களில் இது எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான்.

பட்டிவைத்தியர்_காங்கேயம் | செவ்வாய், மாலை 4.30

தோட்டத்து வீடுன்னதால எங்க துறைக்குச் சேர்ந்தது ரெண்டு.

ஒண்ணு, நாய்க்குச் சொறி இருக்குதா பாருங்க. நாய், ஆடு, பன்னிக்கு வர்ற பூச்சி மனுஷப் பூச்சிக்குப் பங்காளிதான். மனுஷத் தோல்ல வந்து கடிக்கும், ஆனா பெருக முடியாது. நாயைத் தூக்கற கை, வயிறு, தொடையில ஒரு நாளுக்குள்ளயே அரிக்கும், நாய்க்கு வைத்தியம் பண்ணின சில நாள்ல தானா அடங்கும். விரல் இடுக்குல வளை இருந்து வீடு பூரா பரவினா அது மனுஷங்ககிட்ட இருந்து மனுஷங்களுக்கு வந்ததுதான், நாயைக் கொண்டுபோய் விட்டுட்டு வர வேண்டாம். சோளத்தட்டுப் போர் பிரிச்ச அன்னிக்கு வர்ற அரிப்பும் வேற. அதுல துணி மூடாத இடமும் பெல்ட் இறுகற இடமும்தான் பொரியும், கொஞ்ச நாள்ல போயிரும்.

ரெண்டாவது, கெஞ்சிக் கேட்டுக்கறேன். பட்டியில ஆட்டுக்கும் மாட்டுக்கும் போட வெச்சிருக்கற ஐவர்மெக்டின் ஊசி மருந்தை ஆளுங்க குடிக்கறதும் மேல பூசறதும் நடக்குது. அது ஒரு மில்லியில 10 மில்லிகிராம். அதைக் கரைச்சிருக்கற திரவம் மனுஷனுக்கு ஆனதில்லை, ரெண்டு சொட்டு கூடிப்போனாலும் அளவு தாண்டிரும். உண்ணிக்குப் போடற அமிட்ராஸ், வெள்ளாமைக்கு அடிக்கற சைபர்மெத்ரின் ரெண்டையும் தோல்ல படவே விடாதீங்க. பெர்மெத்ரினும் சைபர்மெத்ரினும் ஒரே வகைதானேன்னு வாதம் பண்றவங்க இருக்காங்க. வகை ஒண்ணுதான், டப்பா ஒண்ணில்லை.

சென்னிமலைத்தறி | செவ்வாய், இரவு 9.00

துணிமணிக்கு நான் சொல்லுறன். சிரங்குன்னதும் வீட்டுல இருக்கற அத்தனையும் அண்டாவுல போட்டு அவிக்கறாங்க, நல்ல துப்பட்டியெல்லாம் சாயம் போயி நாராப் போகுது. தேவையே இல்லீங்க.

பூச்சி ஆளை விட்டுட்டா ஒண்ணு ஒண்ணரை நாள்தான் தாங்கும், மிஞ்சினா மூணு. பூசின ராத்திரிக்கு முந்தின மூணு நாள்ல உடுத்தினது, படுத்தது, தொவட்டினது போதும். உள்ளாடை, துண்டு, தலகாணி உறை, துப்பட்டி. 50 டிகிரிக்கு மேல சூடான தண்ணியில பத்து நிமிஷம் கெடந்தாச் செத்துப்போகும். கொதிக்க வேண்டாம், கை வெக்க முடியாத சூடு போதும். பட்டு, ரவிக்கை, ஜமுக்காளம், மெத்தை இதையெல்லாம் தொவைக்க முடியாது. பெரிய பிளாஸ்டிக் சாக்குல கட்டி வாயை இறுக்கிக் கட்டி ஒரு ஓரமாப் போடுங்க, நாலு நாள் தொடாதீங்க. பவானி ஜமுக்காளத்தைச் சுருட்டி அட்டாரியில போட்டா அதே கணக்குதான். அதைத் தண்ணியில நனைச்சா காய்ஞ்சு முடியறதுக்குள்ள பூச்சி தானாச் செத்திருக்கும்.

மொட்டை மாடி வெயில் சித்திரை வைகாசியில நல்ல வேலை செய்யும். ஐப்பசி மழையில நம்பாதீங்க. குளிரும் ஈரமும் இருந்தா பூச்சி இன்னுங் கொஞ்ச நாள் தாங்கும். கயித்துக் கட்டிலுக்கு வெந்நி ஊத்தினாப் போதும். வீட்டுக்கு மருந்தடிக்கறது சுத்த வீணு.

நாட்டுநடப்பு_பல்லடம் | புதன், காலை 8.10

வடக்க இருந்து வேலைக்கு வந்தவங்கதான் இதையெல்லாம் கொண்டுட்டு வர்றாங்க. தோட்டத்துல வேலைக்கு யாராச்சும் இருக்காங்களா கேளுங்க.

ஹாஸ்டல்_நர்ஸ்_திருப்பூர் | புதன், காலை 8.55

கேக்கோணும், ஆனா அதுக்கில்லை. எந்த ஊருன்னு பூச்சி பாக்கறதில்லை. தோலும் தோலும் பத்துப் பதினஞ்சு நிமிஷம் ஒட்டியிருக்கோணும், அவ்வளவுதான். பத்துக்குப் பத்து அறையில எட்டுப் பேரைத் தங்க வெச்சு, பகல் ஷிப்ட் எந்திரிச்ச பாயிலயே நைட் ஷிப்ட் படுத்தா யாருக்கும் வரும். அறை குடுத்தவங்களைக் கேளுங்க.

இந்த வீட்டுக்கு வேணுங்கற பட்டியல் வேற: போன ஆறு வாரத்துல யாரெல்லாம் இந்த வீட்டுல படுத்தாங்க, இவங்க யார் வீட்டுல படுத்தாங்க, பாப்பாவை யாரெல்லாம் மடியில வெச்சிருந்தாங்க. ஒறம்பரை வந்து போயிருப்பாங்க. அம்முச்சி வீடு கண்டிப்பா அந்தப் பட்டியல்ல வரும். பையனுக்கு அங்கிருந்து வந்ததுன்னா, அங்க இன்னும் ஓடிட்டு இருக்கும். ஆயுத பூஜை லீவுக்கு மறுபடி அனுப்பினா மறுபடி வாங்கிட்டு வருவான். ரெண்டு வீட்டுக்கும் ஒரே ராத்திரி வெக்கோணும்.

பள்ளிக்கூடத்துக்கு முதல் பூச்சு போட்ட மறுநாளே அனுப்பலாம். டீச்சர்கிட்ட சொல்லிடறது நல்லது.

அவினாசி_தன்னார்வலர் | வியாழன், மதியம் 12.30

டாக்டருங்க, ஆத்தா கையைப் பாத்துட்டு வந்துட்டேன். உள்ளங்கை ரெண்டும் தடிச்சு, சாம்பல் நெறத்துல செதில் செதிலா, வெடிச்சும் இருக்குது. நகம் தடிச்சுத் தூக்கிட்டு இருக்குது, அடியில மாவு மாதிரி. முழங்கை, காதுமடல்லயும் அதே. படுக்கையைத் தட்டினா தூள் கொட்டுது. அரிப்பே இல்லைங்கறாங்க. கரப்பான்னு எண்ணெய் தேச்சுட்டு இருக்காங்க. மூட்டுவலிக்கு ஒரு வருசமா சின்ன வெள்ளை மாத்திரை சாப்பிடறாங்க, அட்டையில பிரட்னிசோலோன்னு போட்டிருக்குது. பாப்பா பகல் பூரா அவங்க மடியிலதான்.

தோல்_ஈரோடு | வியாழன், மதியம் 1.05

இன்றைக்கே அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். திருப்பூர், பெருந்துறை, கோவை எதுவானாலும் சரி. செதிலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். நீங்கள் சொல்வது தடித்த சிரங்கு. நார்வே சிரங்கு என்றும் சொல்வோம்.

அதே பூச்சிதான். ஆனால் ஸ்டீராய்டு மாத்திரையாலும் வயதாலும் சர்க்கரையாலும் உடம்பின் எதிர்ப்பு குறைந்திருக்கும்போது பத்துப் பதினைந்தாக இருக்க வேண்டியது ஆயிரக்கணக்கில், சில சமயம் லட்சக்கணக்கில் பெருகிவிடும். எதிர்ப்பே இல்லாததால் அரிப்பும் இல்லை. அதனால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. உதிரும் ஒவ்வொரு செதிலிலும் உயிருள்ள பூச்சி இருக்கும். மற்ற ஆறு பேரும் முறையாகப் பூசியிருந்தாலும் இவரை விட்டிருந்தால் மூன்று வாரத்தில் திரும்ப வந்திருக்கும்.

வைத்தியமும் வேறு. கிரீம் இரண்டு தடவை போதாது: முதல் வாரம் தினமும், பிறகு வாரம் இரண்டு முறை, செதில் போகும் வரை. தலை, முகம், நகத்தடி எல்லாம் சேர்த்து. தடிப்பு கரைய யூரியா அல்லது சாலிசிலிக் அமிலக் களிம்பு வேண்டும், இல்லாவிட்டால் மருந்து உள்ளே போகாது. கூடவே ஐவர்மெக்டின் மாத்திரை 1, 2, 8, 9, 15-ஆம் நாட்களில், தீவிரமாக இருந்தால் 22, 29-லும். இதை மருத்துவமனையில்தான் முடிவு செய்ய வேண்டும்.

பிரட்னிசோலோனை வீட்டில் சட்டென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். ஒரு வருடம் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் மயங்கி விழும் அளவுக்கு ஆபத்து. படிப்படியாகக் குறைப்பதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

துணி விஷயத்தில் சென்னிமலைக்காரர் சொன்ன சலுகை இந்த ஓர் ஆளுக்கு இல்லை. அவர் கட்டில், மெத்தை, நாற்காலி, சீப்பு எல்லாம் கணக்கில் வரும். செதிலைக் கூட்டி எடுத்து மூடிக் கட்டிப் போட வேண்டும், துணி தினமும் மாற வேண்டும், சாக்கில் கட்டினால் ஒரு வாரம். சரியாகும் வரை பாப்பாவை மடியில் கொடுக்கக் கூடாது. இதை ஆத்தாளிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். தள்ளி வைக்கிறார்கள் என்று மனசு விட்டுவிடுவார்.

நீங்களும் மாதாமாதம் அவர் கையில் பிரஷர் பட்டை கட்டியிருக்கிறீர்கள். இந்த வகை சிறிது நேரம் தொட்டாலே பரவும். உங்களுக்கும் அதே ராத்திரி மருந்து. பட்டையின் துணி உறையைக் கழற்றி வெந்நீரில் போடுங்கள், இல்லாவிட்டால் ஒரு வாரம் கட்டி வையுங்கள். அடுத்த வீடுகளுக்கு அதே பட்டை போக வேண்டாம். இனி அவரைத் தொடும்போது கையுறை.

மருந்துக்கடை_கோபி | வியாழன், மதியம் 2.20

ஐவர்மெக்டின் பேச்சு வந்துட்டதால ஒண்ணு. இது சீட்டு இல்லாம வாங்கற மாத்திரை இல்லீங்க. கணக்கு, கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். 60 கிலோவுக்கு 12 மில்லிகிராம், 45 கிலோவுக்கு 9, 30 கிலோவுக்கு 6. சாப்பாட்டோட எடுத்தா நல்லா உறிஞ்சும். முட்டையைக் கொல்லாது, அதனால இதுக்கும் ரெண்டாவது தடவை உண்டு, ஏழுல இருந்து பதினாலு நாளுக்குள்ள. 15 கிலோவுக்குக் கீழ இருக்கற கொழந்தைக்கும் முழுகாம இருக்கறவங்களுக்கும் கிடையாது. வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை சாப்பிடறவங்க டாக்டர்கிட்ட சொல்லோணும்.

முழுகாம இருக்கற புள்ளை பெர்மெத்ரின் கிரீமுக்குப் பயப்பட வேண்டாம், ரொம்பக் கொஞ்சம்தான் உடம்புக்குள்ள போகும். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பூசிக்கலாம். லிண்டேன்னு பழைய லோஷன் யாராச்சும் குடுத்தா மட்டும் வாங்காதீங்க. கொழந்தைக்கு வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும்.

அவினாசி_தன்னார்வலர் | 26 நாள் கழித்து, மாலை 5.40

சுரண்டிப் பாத்ததுல பூச்சி நெறைய இருந்துச்சுன்னு சொன்னாங்க. ஆத்தாளைப் படுக்கையில சேர்த்து வைத்தியம் பாத்து வீட்டுக்கு அனுப்பியாச்சு, உள்ளங்கை மெலிசாயிருச்சு. அம்முச்சி வீட்டையும் சேர்த்து ஒரே ராத்திரி பூசினாங்க, எட்டாம் நாளும் பூசியாச்சு. நானும் பூசிக்கிட்டேன்.

இப்ப ரெண்டு சந்தேகம். மருமகளுக்கு இன்னும் ராத்திரி அரிக்குதாம், மூணாவது தடவை கிரீம் போடட்டுமான்னு கேக்கறாங்க. பையனுக்கு விரை மேல பட்டாணி அளவுல சிவப்பா மூணு முடிச்சு, போகவே மாட்டேங்குது.

தோல்_ஈரோடு | அதே நாள், இரவு 9.15

மருமகளுக்குப் புதிதாக வளையோ பொரியோ வருகிறதா என்று பாருங்கள். மணிக்கட்டிலும் விரல் இடுக்கிலும் ஸ்கெட்ச் பேனா மையைத் தடவி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால், வளை இருக்கும் இடத்தில் மை உள்ளே இறங்கி அரை சென்டிமீட்டர் வளைந்த கோடாக நிற்கும். கோடு இல்லை, புதுப் பொரி இல்லை என்றால் பூச்சி செத்துவிட்டது. செத்த பூச்சியும் கழிவும் தோலிலேயே இருக்கும். மேல்தோல் உதிர்ந்து மாறும் வரை, இரண்டு முதல் நாலு வாரம், அரிப்பு இருக்கத்தான் செய்யும். அவருக்கு அந்த ஸ்டீராய்டு கிரீம் வேறு நிறுத்தியிருக்கிறோம், கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். மூன்றாவது தடவை கிரீம் வேண்டாம், அதுவே தோலை எரிச்சலாக்கி அரிப்பைக் கிளப்பும். பலர் இதைத் தோல்வி என்று நினைத்துப் பூசிக்கொண்டே போகிறார்கள். குளித்ததும் தேங்காய் எண்ணெய், இரவு ஒரு செட்டிரிசின், போதும். அவர் பால் கொடுப்பதால் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். நாலு வாரம் தாண்டியும் புதிது வந்தால் அழைத்து வாருங்கள்.

பையனுக்கு இருப்பது முடிச்சு வகை. விரை, ஆண்குறி, அக்குளில் வரும். உயிருள்ள பூச்சி அதில் இருப்பதில்லை, ஒவ்வாமையின் மிச்சம். சில மாதம் கூட இருக்கும், தானாக வற்றும். ரொம்பத் தொல்லை என்றால் நாங்கள் பார்த்து, அளவாக ஒரு களிம்பு தருவோம்.

அவனைச் சொறிந்த புண்ணில் சீழோ தேன் நிறப் பொருக்கோ இருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்த சில வாரங்களில் காலையில் முகம் வீங்கினாலோ, சிறுநீர் டீத்தண்ணி நிறத்தில் போனாலோ உடனே கொண்டுபோக வேண்டும். சிரங்குப் புண்ணில் ஏறும் கிருமி சிறுநீரகத்தைத் தொடுவது குழந்தைகளிடம்தான் அதிகம்.

மருந்துக்கடை_கோபி | அதே நாள், இரவு 9.50

மீதி கிரீம் இருந்தா எடுத்து வெச்சு அடுத்த வருசத்துக்குன்னு பாக்க வேண்டாம்னும் சொல்லிருங்க. அம்முச்சி வீட்டுல எட்டாம் நாள் பூச்சு போட்டாங்களா? இங்க போட்டதுதான் எழுதியிருக்கீங்க.

அவினாசி_தன்னார்வலர் | அதே நாள், இரவு 10.10

போட்டாச்சுங்க. அங்க ஒரு ஆளு, பையனோட மாமன், கோயமுத்தூர்ல ரூம் எடுத்துத் தங்கி வேலைக்குப் போறவரு. அவருகிட்ட டியூப் குடுத்துவிட்டு, கூடத் தங்கற மூணு பேருக்கும் சேர்த்துப் பூசச் சொல்லியிருக்குது. நாளைக்குப் போன் பண்ணிக் கேக்கறேன்.